இவருக்கு ஏழாம் நம்பர்த் தூண்டில்

மார்ச் 7, சனி

காலையில் பனி, பிறகு மழை, இப்போது இரண்டும் கலந்து. நடைபாதை முழுக்கக் கஞ்சி மாதிரிச் சேறு. புதுச் சப்பாத்து நாசம்.

செய்ய இருந்தவை: பால், வெங்காயம், இவருடைய ஜக்கெற்றுக்கு ஸிப் மாற்றக் கொடுப்பது, மாமிக்கு ஃபோன், மிஞ்சிய ஊசி மருந்தை ஃபார்மசியில் ஒப்படைப்பது. கடைசியைத் தவிர எல்லாம் ஆயிற்று. ஊசிகள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில். பால் எடுக்கப் போனாலும் அதுகளின் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

மாமி, அதாவது இவருடைய அம்மா, ஸ்காபரோவில் இருந்துகொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, டொக்டர் இனி எப்ப வரச் சொன்னவர்?"

"தெரியாது மாமி."

"தெரியாதெண்டா? கேக்க வேண்டாமோ?"

என்னத்தைக் கேட்பது. ஜனவரியில் வைத்த கரு தங்கியது. துடிப்பும் பார்த்தோம். இவர் ஸ்கான் திரையைப் பார்த்துக் கைகூப்பினார், அந்தப் பிள்ளை, நேர்ஸ், சிரித்துவிட்டது. அடுத்த ஸ்கானில் துடிப்பு இல்லை. டொக்டர் நல்ல மனிசி. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் மாறி மாறிச் சொன்னார். இரண்டிலும் அதேதான்.

நான் முடிவெடுத்துவிட்டேன். இனி இல்லை. கிளினிக் வாசலை நான் இனி மிதிக்கமாட்டேன். இங்கே எழுதச் சுகமாக இருக்கிறது. இவருக்குச் சொல்லத்தான் வாய் வருகுதில்லை. நேற்றும் தொடங்கினேன். "இஞ்சை பாருங்கோ" என்றேன். "என்ன?" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "குழம்புக்கு உப்புக் காணுமோ?" என்று முடித்தேன். கோழை நான்.

ஆகவே ஒரு யோசனை. இவருக்கு ஒரு தூண்டில் வாங்கப் போகிறேன். நான் சொல்ல முடியாததை அது சொல்லட்டும்.

ஏன் தூண்டில் என்றால்: முதன்முதல் கிளினிக்குக்குப் போன ஆண்டு நான் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். இவருக்கு ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் தலையிடி. பட்டினி ஏலாது, வேறு ஏதாவது கொடுக்கிறேன் என்று முருகனுக்கு முன்னால் போய் நின்று, பிள்ளை கிடைக்கும்வரை தூண்டில் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தார். கத்தரிக்காய் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் தங்களுக்குப் பிடிக்காததைத்தானே கடவுளுக்கு விடுவார்கள். இந்த மடையன் உயிரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொழும்பில் கூடத் தண்ணீரைக் கண்டால் நிற்கிற ஆள். இங்கே வந்து வேலையிடத்தில் ஒரு கியூபெக்காரனோடு சேர்ந்து ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கப் பழகி, ஒவ்வொரு வசந்தமும் ஒன்டாரியோ பக்கத்து ஆற்றுக்கு ஓடினவர். நேர்த்தி வைத்த கிழமையே கம்பை அந்தக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டார். அவன் பிறகு அல்பேர்ட்டா போய்விட்டான், கம்போடு.

ஆறு வருடமாகிறது. இன்றைக்கும் மார்ச் வந்தால் ஃபோனில் ஒன்டாரியோ மழையைப் பார்ப்பார். கேட்டால், "சும்மா" என்பார்.

மார்ச் 9, திங்கள்

குளிர் குறைவு. கடையில் கூட்டம்.

நாள் முழுக்க மற்றவர்களின் மூக்குக்குக் கண்ணாடி தெரிவு செய்து கொடுப்பதுதான் என் வேலை. சதுர முகத்துக்கு இது, வட்ட முகத்துக்கு இது. ஒரு தூண்டில் தெரிவு செய்ய முடியாதா என்று நினைத்தேன். முடியாது போலத்தான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க வீடியோ. கூட வேலை செய்கிற திவ்யா, சென்னைப் பிள்ளை, படித்துக்கொண்டே பகுதிநேரம் வருபவள், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என்னக்கா இது, தாடிக்காரரு குச்சிய ஆட்டிக்கிட்டே இருக்காரு. எப்பதான் மீன் புடிப்பாரு?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"எங்க ஊர்ல வலையப் போட்டா முடிஞ்சுது."

விளங்கிய மட்டில்:

ஸ்டீல்ஹெட் என்பது ட்ரௌட்தான். ஆற்றில் பிறந்து, பெரிய வாவிக்குப் போய்க் கொழுத்து, முட்டை போட வசந்தத்தில் திரும்ப ஆற்றுக்கு ஏறி வரும். (முட்டை போட. சரி. அடுத்தது.)

ஃப்ளை ரொட், அதாவது இந்த வகைத் தூண்டிலில், புழுக் குத்துவது இல்லை. இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்குப் பாரமே இல்லாதபடியால் தடித்த நூலின் பாரத்தில்தான் எறிய வேண்டும்.

நம்பர் என்பது அந்த நூலின் பாரம். ஸ்டீல்ஹெட்டுக்கு ஏழு அல்லது எட்டு.

நீளம் ஒன்பது அடியோ பத்தடியோ. இரண்டு கையாலும் எறிகிற நெடுங்கம்பு வேறு. இவர் ஒரு கையால் எறிகிறவர். முன்பெல்லாம் குசினியில் விளக்குமாற்றைப் பிடித்து எனக்குச் செய்து காட்டுவார், பல்ப் ஒன்று உடைந்தது.

வளைவு: நுனி மட்டும் வளைவது, நடுவரைக்கும் வளைவது. எது நல்லது என்று ஆளுக்கு ஆள் சண்டை. தாடிக்காரர்கள் எங்கள் கோயில் நிர்வாகசபையை விட மோசம்.

மார்ச் 11, புதன்

வெயில். வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, மொன்ட்ரியால்-நோரிலிருந்து கர்க்லாண்ட் பக்கத்துக் கடைக்கு, பஸ், மெற்றோ, திரும்பப் பஸ். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு. பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் லூக், நரைத்த ஆள், மெதுவாகத்தான் கதைத்தார். "பொன்ஜூர் மடாம், யாருக்கு?" "என் கணவருக்கு. ஸ்டீல்ஹெட்." உடனே ஆள் நிமிர்ந்துவிட்டார். எவ்வளவு உயரம், எந்த ஆறு, எந்தக் காலம், எந்தக் கை. வலது கை, வசந்தம், ஆற்றின் பெயர் தெரியாது, என் தலை அவருடைய காதுக்கு வரும் என்றேன். காதுவரை கையை வைத்துக் காட்டினேன். அதை வைத்தே கணக்குப் போட்டார்.

இரண்டு கம்பு எடுத்து வந்தார், இரண்டும் பத்தடி, நான்கு துண்டாய்க் கழற்றிக் குழாயில் போடக்கூடியவை. ஒன்று ஏழு, ஒன்று எட்டு. "வசந்தத்துக்கு நான் எட்டு என்பேன்."

"எட்டு வேண்டாம்."

"ஏன் மடாம்?"

சனி பகவானைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டு இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வருகிறது, அதனால்தான் பிள்ளை தங்குகுதில்லை, வீட்டை மாற்றுங்கோ என்று மாமி வருடக்கணக்காக ஓதுகிறார். நான் இதெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் நானாகக் காசு கொடுத்து இன்னொரு எட்டை வீட்டுக்குள் கொண்டுபோவேனா? "அந்த இலக்கம் எங்களுக்கு ஆகாது" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. தன் தாயார் பதின்மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறமாட்டார் என்றார். ஏழாம் நம்பரைத் தாளில் சுற்றத் தொடங்கினார்.

"சேர்ப்ரைஸா? பிறந்தநாளா?"

"இல்லை. ஒரு விஷயம் முடிகிறது."

"ஓ, ஓய்வு பெறுகிறாரா?"

"அப்படித்தான்."

வாழ்த்துச் சொன்னார். மேர்சி என்றேன். பிடிக்காவிட்டால் நனைக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். பஸ் தரிப்பில் குழாயை நெஞ்சோடு அணைத்தபடி நின்றபோதுதான் அழுகை வந்தது. தூக்கிக்கொண்டு நின்ற விதம் அப்படி. சீ, என்ன பிழைப்பு.

மார்ச் 12, வியாழன்

கொடுத்தேன். பின்னேரம் தேத்தண்ணியோடு.

குழாயைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "எட!" என்றார். கை நீண்டது, பாதியில் நின்றது, முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "நீர் திறவும். நான் தொடக்கூடாது."

திறந்தேன். நான்கு துண்டையும் நான்தான் பொருத்தினேன், இவர் பின்னால் கை கட்டிக்கொண்டு வாயால் சொல்லச் சொல்ல. "அந்தப் புள்ளியும் இந்தப் புள்ளியும் நேரா வரவேணும். மெல்ல. இறுக்காதையும். ஆ, அப்பிடித்தான். இப்ப நுனியை ஆட்டும்." ஹோலில் சோபாவுக்கும் ரீவிக்கும் நடுவில் நான் பத்தடிக் கம்பை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், இவர் பள்ளிக்கூடப் பிள்ளை கண்காட்சிக்கு வந்ததுபோல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். கண் முழுக்கத் தண்ணீர்.

"ஏன் இப்ப வாங்கினீர்?"

இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தானே சொல்லிவிட்டார்.

"விளங்குது. நீர் நம்புறீர், என்ன? நான்தான் மனம் விட்டிட்டனோ எண்டு பயந்து கொண்டிருந்தன். பாரும், அடுத்த முறை கட்டாயம் சரிவரும். பிள்ளை பிறந்து வாற வசந்தம் இதோடைதான் போறன்."

என்னைக் கட்டிப் பிடித்து உச்சியில் கொஞ்சினார். சின்ன அறையில், தொட்டிலுக்கென்று வெறுமையாக விட்டிருக்கிற மூலையில் வைக்கச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன்.

ஐயோ. ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

காற்று. மேல்வீட்டுக்காரர்களின் நாய் விடாமல் குரைப்பு.

இரண்டு நாளாக இவர் பாட்டு முணுமுணுக்கிறார். குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது. இதற்கு மேல் பொறுத்தால் நான் மனிசி இல்லை. மத்தியானம், புட்டுக்குச் சம்பல் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"இஞ்சை பாருங்கோ, நான் இனிப் போகமாட்டன்."

"எங்கை?"

"கிளினிக்குக்கு."

"இந்த மாசமோ?"

"எந்த மாசமும். காணும். எனக்கு இனி ஏலாது. அதுக்குத்தான் கம்பு வாங்கினனான். நீங்கள் மாறி விளங்கிப் போட்டியள்."

புட்டை உதிர்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகு, "என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை" என்றார். சத்தமாகக் கூட இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஊசி உங்கடை வயித்திலையோ குத்தினது? ரத்தம் உங்களிலை இருந்தோ போனது?" என்று கத்தினேன். அவ்வளவும் உண்மை. அவ்வளவும் சொல்லியிருக்கத் தேவையில்லை. இவரும் ஒவ்வொரு முறையும் வெளி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர்தான், என் ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு.

எழும்பிக் கையைக் கழுவினார். வெளியில் போய்ப் படியில் இருந்த பழைய ஐஸைக் கொத்தத் தொடங்கினார். எங்கள் படி முடிந்து பக்கத்து வீட்டுப் படி, அதற்கும் அடுத்த வீட்டுப் படி. அந்த வீட்டுக் கிழவி உள்ளிருந்து ஜன்னலைத் தட்டி நன்றி சொல்கிறாள். நான் புட்டை மூடி வைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. சாப்பிடுகிறார், கோப்பை கழுவுகிறார், "போட்டு வாறன்" என்கிறார், வருகிறார். பாட்டு நின்றுவிட்டது. வேலையில் யாருடையதோ பெரிய குளிர் அறை பழுதாம், திருத்தி முடியச் சுணங்குமாம். குறுந்தகவலில்தான் சொன்னார்.

ஊசிகளை ஃபார்மசியில் கொடுத்தேன். அங்கே நின்ற பெட்டை, "முடிஞ்சுதா? நல்லது" என்றது. தெரியாமல் சொன்னது, பாவம். வெளியில் வந்து தெப்பனோரில், மூலைக் கடையில், ஒரு சொக்லேற் வாங்கி, நின்றபடியே முழுவதையும் தின்றேன்.

இவரைத் திரும்பப் பேச வைக்க எனக்குத் தெரியவில்லை. இவர் இல்லாமல் எனக்கு ஒருத்தரும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

கோயில். இவர் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

செருப்பு வைக்கிற இடத்திலேயே ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார். கண் என் வயிற்றில். "என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு அன்ரி. இவருக்கு மீன் பிடிக்கிற கம்பு வாங்கினனான்."

முழிசிக்கொண்டு நின்றார். நிற்கட்டும்.

பூசை முடிந்து ஐயரிடம் தனியாகக் கேட்டேன். பிள்ளை கிடைக்கும்வரை என்று வைத்த நேர்த்தி, பிள்ளை கிடையாது என்றால் எப்போது தீரும்? சாகும்வரைக்குமா? ஐயர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"முருகன் என்ன மீன்பிடி இலாகாவோ அம்மா, லைசன்ஸைப் பறிச்சு வைச்சிருக்க? கேக்கிறதை விட்டால் நேர்த்தியும் விட்டுது. ஆனா கேட்டவர் விடவேணும். அவர்தான் தன்ரை வாயாலை சொல்லவேணும். நீங்கள் அவருக்காகச் சொல்லிச் சரிவராது."

முருகனுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, நீர்தான் தரவில்லை. அதை மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒன்றும் கேட்காமல் வந்தது இதுதான் முதல் தரம்.

ஐயர் சொன்னதை வீட்டில் வந்து இவருக்குச் சொன்னேன். தலையை ஆட்டினார். செய்தி பார்த்தார்.

மார்ச் 21, சனி

வெயில், நல்ல வெயில். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே.

காலை, பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நிற்கிறேன். இவர் சின்ன அறை வாசலில் நின்று மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்தபடியே:

"ஏழு காணாது."

"என்னது?"

"வசந்தத்திலை ஆறு பெருகி வரும். ஏழு எண்டால் மெல்லிசு, மீனை நெடுக இழுத்துக்கொண்டு நிக்கவேணும். அது களைச்சுப் போயிடும், திரும்ப ஆத்திலை விட்டாலும் தப்பாது. எட்டு எண்டால் கெதியாக் கிட்டக் கொண்டுவந்து விட்டிடலாம். எட்டுத்தான் வேணும். மாத்துவம்."

இவ்வளவுதான் சொன்னார். பட்டர்க் கத்தி கையில் அப்படியே. சொல்லிவிட்டார், ஐயர் சொன்னதுபோல் தன் வாயால். நான் கேட்டது இதைத்தான். இதற்காகத்தான் கடை ஏறி இறங்கினேன், கத்தினேன், கோயிலுக்குப் போனேன். பிறகு ஏன் காலுக்குக் கீழ் நிலம் இல்லாதது போல் இருந்தது? ஒரு மூலையில், கடைசி மூலையில், இவர் மாட்டேன் என்று நிற்பார், என்னை விடமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "எட்டு சனியன்ரை நம்பர்" என்றேன்.

"அவர் இனி எங்களிட்டை என்னத்தை எடுக்கப் போறார்?" என்றார்.

காரில் போனோம். குழாயை நான் மடியில் வைத்திருந்தேன். கடையில் லூக் என்னை அடையாளம் கண்டு, இவரைப் பார்த்து, "ஓய்வு பெற்றவர் இவ்வளவு இளமையா!" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எட்டைப் பொருத்தி நீட்டினார் லூக். இவருடைய கைகள் பின்னால்தான் இருந்தன, பழக்கத்தில். லூக் நீட்டியபடி நிற்கிறார். மற்ற வாடிக்கைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எடுங்கோ" என்றேன், எனக்கே கேட்காத குரலில். வலது கையை முன்னால் கொண்டுவந்தார். பிடித்தார். அந்தத் தக்கைப் பிடியைச் சுற்றி விரல் ஒவ்வொன்றாய் மூடியது. ஒருதரம் ஆட்டினார், நுனி துடித்து நின்றது. லூக் கேட்டார், "எப்படி?" "சரி" என்றார் இவர், தமிழில். பிறகு பிரெஞ்சில் ஒருதரம் சொன்னார்.

காரில் ஏறினோம். கம்பு பின் சீற்றில். கார்த் திறப்பைப் போட்டார், திருகவில்லை.

"நான் ஒரு பேர் யோசிச்சு வைச்சிருந்தனான்" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

பிறக்க முதல் பேர் யோசிக்கவே கூடாது என்று இந்த வீட்டில் சட்டம் போட்டவள் நான். எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.

"எப்ப துவங்கி?"

"முதல்லையிருந்து."

"சொல்லுங்கோ."

"வேண்டாம், விடும்."

"சொல்லுங்கோ அப்பா."

சொன்னார். பெண்பிள்ளைப் பேர். ஒருதரம்தான் சொன்னார். கடை வாசலில், பட்டப்பகலில், சனம் போய் வர, இரண்டு பேரும் குழறி அழுதோம்.

அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன்.